பரவாத வகை

4 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அணையின் நூற்று முப்பத்திரண்டு படிகளையும் இன்னும் இரண்டு வேளை இறங்கி ஏறுகிறீர்களா, அல்லது நீர்மட்டம் குறிக்க வேறு யாரையாவது போட்டுவிட்டார்களா?

ஏழு மாதமாக நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. தங்கச்சிப் பாப்பா கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்த பிறகு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தொட்டியில் மண் நிரப்பி மேலே சிமெண்ட் பூசியாகிவிட்டது. நீங்கள் கொடுத்த மூங்கிலை அப்பா ஆள் வைத்துத் தோண்டி எடுத்தார். மூன்று நாள் ஆயிற்று. வேர் சமையலறைப் படிக்கட்டு வரை ஓடியிருந்தது. அது போன பிறகு கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எங்கள் தோட்டத்தையே பார்க்கிறார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்கிறார்கள். அதனால் அம்மா துணி காயப்போட வெளியே போவதில்லை. ஈரத்துணி எல்லாம் கூடத்து நாற்காலிகளில் தொங்குகிறது. அப்பா சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன்.

அப்பா சுவர் எழுப்பலாம் என்றார். மறுபடியும் சிமெண்ட் கலக்குகிற சத்தம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

போன வாரம் தெருமுனையில் செடி விற்கிற அக்கா அம்மாவிடம் பேசியிருக்கிறார். மூங்கிலில் இரண்டு வகையாம். ஒன்று ஓடுமாம், ஒன்று நட்ட இடத்திலேயே நிற்குமாம். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்: "நிக்கிற வகைன்னு ஒண்ணு இருக்காம். உன் மாமா அதைக் குடுத்திருந்தா பாப்பா இருந்திருப்பா."

அன்றைக்கு உங்களை இந்த வாசலில் கால் வைக்காதே என்று சொன்ன பிறகு, அம்மா உங்களைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். பரவாத மூங்கிலை நானே படித்துத் தேர்ந்தெடுத்து, பஸ் நிறுத்தம் தெரியாதபடி நடப் போகிறேன். அதை நடுவதற்கு அம்மா உங்களைக் கூப்பிட வேண்டும். அதுதான் என் திட்டம். நீங்கள் கொடுத்தது எந்த வகை என்று மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன், இப்போது நான் எதையும் அளப்பதில்லை.

உங்கள் மருமகள்

15 மார்ச்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது. படிகளும் இருக்கின்றன. வேறு யாரையும் போடவில்லை, இந்தப் படிக்கட்டைப் பார்த்தால் யாரும் வேலையில் சேரமாட்டார்கள். இன்று காலை நீர்மட்டம் எழுபத்தோரு அடி.

என்ன வகை என்று எனக்குத் தெரியாது. எங்கள் அணைக் குடியிருப்புக்குக் கீழே கரை சரியாமல் இருக்க யாரோ எப்போதோ நட்டது. இங்கே அதன் வேலை ஓடுவதுதான். ஓடி ஓடி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு கிழங்கைத் தோண்டி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் "குழந்தைக்கு அரை டிக்கெட் எடுங்க" என்று கேலி செய்தார். அதை உன் அம்மாவிடம் சொல்லி அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்.

எனக்கு எழுதுவதால் உனக்கு வீட்டில் தொந்தரவு என்றால் எழுத வேண்டாம். அப்பாவைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா

2 ஏப்ரல்

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அப்பாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது இல்லை. எழுதுவதில் தொந்தரவு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தை அம்மாதான் வாங்கியிருக்கிறாள். என் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு அடியில் பிரிக்காமல் வைத்திருந்தாள். உறையின் விளிம்பு மேசையின் விளிம்போடு நேராக இருந்தது.

பள்ளி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் பார்த்தேன். அந்த அக்கா சொன்னது சரிதான். ஓடுகிற வகைக்கு மண்ணுக்கடியில் கயிறு மாதிரி நீளமான தண்டு உண்டு. அது எங்கே வேண்டுமானாலும் போய், நினைத்த இடத்தில் முளை விடும். சுவருக்கு அந்தப் பக்கம்கூட. நிற்கிற வகைக்கு அடித்தண்டு குட்டையாக, இஞ்சி மாதிரிக் கொழுத்திருக்கும். புது முளை தாய்க் கழியை ஒட்டியே வரும். வருஷத்துக்கு ஒரு சாண் அகலம் கூடினால் அதிகம்.

சனிக்கிழமை செடிக்கடைக்குப் போனேன். மூன்று வகை இருந்தது. மஞ்சள் கழியில் பச்சைக் கோடு போட்டது பார்க்க அழகு, ஆனால் மின்கம்பியைத் தொடும் அளவுக்கு வளரும். இன்னொன்றில் முள். மூன்றாவது சின்ன இலையும் விரல் பருமன் கழியுமாக அடர்த்தியாக வளர்கிற வேலி மூங்கில். மூன்றும் நிற்கிற வகைதான், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போ என்றார் அக்கா. நான் செடித் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"என்னம்மா, மூங்கிலுக்கு இன்டர்வியூ எடுக்கிறியா?" என்று சிரித்தார். ஆனால் கவிழ்த்துக் காட்டினார்.

வேலி மூங்கில் என்று எழுதி வைத்திருந்த நான்கில் ஒன்றின் வேர் தொட்டியின் உள்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. வெளியே போக வழி தேடியது போல. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, லோடு இறக்கும்போது கலந்திருக்கும் என்று சொல்லி அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து, விற்கிறவர்களுக்கே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். மாமாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஏன் முன்பு போல "அன்புள்ள அளவுக்காரிக்கு" என்று எழுதுவதில்லை?

உங்கள் மருமகள்

20 ஏப்ரல்

அன்புள்ள மருமகளுக்கு,

அப்பாவின் ஜலதோஷம் திரும்பி வரவில்லையே? இங்கே வெயில். அறுபத்து நாலு அடிக்கு இறங்கிவிட்டது. எங்கள் மேலதிகாரி மட்டும் குடையை மடக்குவதில்லை. அவர் வரும்போது முதலில் குடை வரும், ஐந்து நிமிடம் கழித்து அவர் வருவார்.

நீ வேரைக் கவிழ்த்துப் பார்த்தது நல்ல வேலை. சின்ன இலை மூங்கிலையே எடு. தொட்டி இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள்.

ஒரு செய்தி. என் பெட்டிக்குள் கரையான் புகுந்துவிட்டது. உன் பழைய கடிதங்கள் எல்லாம் மண்ணாகிவிட்டன. ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அதில் என்ன எழுதியிருந்தாய் என்பதும் எனக்கு இப்போது நினைவில்லை. உனக்கும் நினைவிருக்கத் தேவையில்லை.

தேர்வுக்கு நன்றாகப் படி.

உன் மாமா

1 மே

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பெல்லாம் நலம்தானே? எனக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அறிவியலில் முதல் மதிப்பெண்.

உங்கள் பெட்டி இரும்புப் பெட்டி. அதன் மேல் உட்கார்ந்துதான் நான் உங்கள் வீட்டில் கதைப் புத்தகம் படிப்பேன். இரும்பைக் கரையான் தின்னாது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் எனக்காகத்தான் அப்படி எழுதினீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்தக் கடிதங்களில் இருந்தது எனக்கு மனப்பாடம். என் நோட்டிலும் இருக்கிறது. தொட்டியின் இரும்பு மூடிக்கு அடியில், ஓரமாக, மூங்கில் முளை ஒன்று வந்திருந்தது. என்னால் இரண்டு கையாலும் தூக்க முடியாத மூடியை அது தூக்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஜூலை மூன்றாம் தேதி ஒரு சென்டிமீட்டர். ஒன்பதாம் தேதி இரண்டு புள்ளி இரண்டு. உங்களுக்கு எழுதினேன், நீங்கள் அணையில் நீர்மட்டம் குறிப்பது போல நானும் ஒன்று குறிக்கிறேன் என்று. நீங்கள் பதில் எழுதினீர்கள். அது என்னிடம் இருக்கிறது: "அளவுக்காரி, முளையை வெட்டிவிடாதே. எவ்வளவு தூக்குகிறது பார்த்துவிடலாம்."

அப்பாவிடம் சொன்னால் வெட்டிவிடுவார் என்றுதான் நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை நாலு புள்ளி ஒன்று. ஒரு பக்கம் உயர்ந்ததில் மறுபக்கம் விளிம்பிலிருந்து நழுவியிருந்தது. அதை நான் கவனித்தேன். நோட்டில் எழுதவும் எழுதினேன். பாப்பா மத்தியானம் அதன் மேல் ஏறினாள்.

எல்லோரும் மூங்கிலைக் கொடுத்த உங்களைத்தான் சொல்கிறார்கள். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போனீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லலாமா?

உங்கள் மருமகள்

11 ஜூன்

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. முழங்கால் மோசமாகிவிட்டதா? அங்கே மழை தொடங்கிவிட்டதா? எத்தனை அடி?

இங்கே மழை தொடங்கி, மூங்கிலும் வந்துவிட்டது. எல்லா வேரையும் எடுத்துவிட்டோம் என்று ஆட்கள் சொன்னார்கள். எடுத்தது பாதி கூட இல்லை போலிருக்கிறது. முதல் நாள் இரண்டு முளை. இப்போது தினமும் பத்து, பன்னிரண்டு.

அப்பா தோட்டம் முழுவதும் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். மறுநாள் காலை காய்கறி நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பத்து மாதத்துக்குப் பிறகு அம்மா கொல்லைப்புறத்தில் இறங்கியது அன்றுதான். ஒவ்வொரு முளையாகக் குனிந்து வெட்டி வாளியில் போட்டாள். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. தினமும் வெட்டுகிறாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, பல் தேய்ப்பது போலச் செய்கிறாள். மழை பெய்தால் நனைந்துகொண்டே செய்கிறாள்.

முளையை விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் வேர் பட்டினி கிடந்து இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "சாகட்டும், மெதுவா சாகட்டும்" என்றாள்.

நானும் வெட்டப் போனேன். எனக்கு மட்டும் கை வரவில்லை. ஒரு முளை எவ்வளவு உயரம் என்று என் கண் தானாக அளந்துவிடுகிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

உங்கள் மருமகள்

28 ஜூன்

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் பழையபடிதான். எண்பத்து மூன்று அடி. பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, குடைக்காரர் அலுவலகத் தாளைக் காணோம் என்று தேடுகிறார்.

சொல்லாதே.

அளக்கச் சொன்னது நான். உனக்குப் பதிமூன்று வயது. எனக்கு முப்பத்தெட்டு. தண்ணீர் ஒரு அங்குலம் ஏறினாலே போன் போட்டு எச்சரிக்கிற வேலையில் இருக்கிறவன் நான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, தொட்டி மூடி திறக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. முளை ஜெயிக்கிறது என்று தோன்றியது. அதைக் கொண்டுபோய் குடைக்காரரிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அக்காவுக்கு என் மேல் இருக்கிற கோபம்தான் இப்போது அவளுக்குக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். என் மேலிருந்து எடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? உன் மேல் வைக்க நான் விடமாட்டேன். என் மேலேயே இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது.

என் பழைய கடிதத்தைக் கிழித்துவிடு. நோட்டையும்தான். பரவாத வகையை நடு. நான் வர வேண்டிய அவசியமில்லை.

உன் மாமா

10 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்றாம் நாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா முளை வெட்டிவிட்டு வாளியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கிழிக்கத்தான் நோட்டை எடுத்தேன். கிழிக்க முடியவில்லை. உங்கள் பழைய கடிதத்தையும் உள்ளே வைத்து அப்படியே கொண்டுபோய் அம்மா மடியில் வைத்தேன். எப்படிச் சொல்வதென்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா தேதி தேதியாகப் படித்தாள். கையில் மண் இருந்ததால் பக்கத்தில் விரல் பதிந்தது. கடைசி வரியில் நிறுத்தினாள்.

"இது எப்போ?"

"அன்னிக்குக் காலைல. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி."

"உன் மாமாவுக்குத் தெரியுமா?"

"கடைசி அளவு தெரியாதும்மா. அதை எழுதறதுக்குள்ள..."

அம்மா உங்கள் கடிதத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். பஸ் ஒன்று வந்து நின்று போனது. என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த மூடி காலடியில டக்குனு ஆடும். ஒரு மாசமா ஆடுச்சு. உங்கப்பா கிட்டச் சொல்லணும்னு தினம் நினைப்பேன். துணியைக் காயப்போட்டுட்டு மறந்துடுவேன்."

அதன் பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சாயங்காலம் எனக்குத் தலை வாரிவிட்டாள். மறுநாள் காலை வழக்கம்போல முளை வெட்டினாள். நோட்டை எனக்குத் திருப்பித் தரவில்லை. உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எதுவும் லேசாகவில்லை, மாமா. சொன்னால் லேசாகும் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் மருமகள்

19 ஜூலை

அன்புள்ள அளவுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படிகளில் உட்கார்ந்து படித்தேன். அன்று சாயங்கால அளவைக் குறிக்க மறந்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

கரையான் வரவில்லை. உன் கடிதங்கள் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. இதோடு அனுப்பியிருக்கிறேன். அக்கா கேட்டால் கொடு. கேட்காவிட்டால் உன்னிடமே இருக்கட்டும்.

எனக்கு விடுப்பு நிறைய மிச்சம் இருக்கிறது. வருகிறேன் என்று நானாகச் சொல்லமாட்டேன். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலை வார அம்மாவிடம் உட்கார்.

மாமா

27 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் இருக்கிறோம். கடிதக் கட்டை அம்மா வாங்கி அலமாரியில் நோட்டின் மேல் வைத்திருக்கிறாள். பிரித்தாளா என்று தெரியவில்லை.

வேலி மூங்கில் வாங்கிவிட்டோம். அம்மாவும் கடைக்கு வந்தாள். அந்த அக்கா என்னைப் பார்த்ததும், கேட்காமலேயே தொட்டிகளைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா ஐந்து செடியின் வேரையும் விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். இஞ்சி மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டாள். இப்போது அவை கூடத்தில், ஈரத்துணிக்கு நடுவில் வரிசையாக நிற்கின்றன. தினமும் வேலைக்குப் போகும் முன் அப்பாதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

நேற்று எங்கே குழி தோண்டுவது என்று பார்க்கப் போனோம். தொட்டி இருந்த இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும், பழைய வேர் வராமல் நடுவில் தகடு பதிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். வேலி ஓரமாக நின்று, இங்கே சரியாக இருக்கும் போலத் தெரிகிறது என்று குத்துமதிப்பாகக் கை காட்டினேன்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் என் ஸ்கேல் இருந்தது. ஒரு வருஷமாக நான் அதைத் தொடவில்லை. அது எங்கே இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"போலத் தெரியுதுன்னு சொல்லாதே. அளந்து சொல்லு."

சிமெண்ட் விளிம்பிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்கேலை வைத்து, விரலால் கோடு போட்டு, எடுத்து, மறுபடி வைத்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள். பதின்மூன்று ஸ்கேல், அதற்கு மேல் நாலு சென்டிமீட்டர். முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு என்றேன். அம்மா அந்த இடத்தில் காய்கறிக் கத்தியைக் குத்தி வைத்தாள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

உங்களுக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள். விட்டிருக்கிறேன்.

உங்கள் அளவுக்காரி

தம்பிக்கு,

சனிக்கிழமை வா. குழி நீதான் தோண்டணும். மண்வெட்டி இங்கே இருக்கு. இந்தத் தடவை வெறுங்கையோட வா.

அக்கா